செல்வராசா மாஸ்டர் கறி கேட்ட கதை

நான் பாட்டை ஏன் விட்டேன் என்பதைப் பற்றி ஊரில் பல கதை உலவுகிறது. மார்க்கத்துக்குப் பயந்து விட்டான் என்கிறார்கள் சிலர். பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் இவ்வளவு காலமும் பாடினேன். தொண்டையில் கட்டி வந்ததாம் என்கிறார்கள் வேறு சிலர். கட்டி வந்தது உண்மை. முதுகில். பெண்சாதி சுலைகா தடுத்துவிட்டாள் என்கிறார்கள் மிச்சப்பேர். சுலைகா சொல்லி நான் ஒன்றை விடுவதாக இருந்தால் முதலில் வெற்றிலையை விட்டிருப்பேன்.

சாய்ந்தமருதில் புதிதாக இசைக்குழு தொடங்கியிருக்கும் இளைஞர்கள் சிலர் போன பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தார்கள். சிறப்பு மலர் ஒன்று போடுகிறார்களாம். அதற்கு நான் எழுதித் தர வேண்டுமாம்.

"எல்லாரும் தொடக்க காலத்தைத்தான் எழுதுறாங்க காக்கா. நீங்க கடைசிக் காலத்தை எழுதுங்க" என்றான் ஒருவன். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

"என்ட கடைசிக் காலத்துக்கு இன்னும் கொஞ்சம் இரிக்கிடா மனே. அவசரப்படாத" என்றேன்.

எழுத்து எனக்கு வராது. ஐந்தாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் ஒரு முடிவுக்கு வந்து பிரிந்துவிட்டோம். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். அவள் ஆசிரியை. என் பகிடிகளில் பாதியை வெட்டிவிடுகிறாள். அதனால் இந்தக் கட்டுரை என்னைவிடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

தொடக்க காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாப்பா மருதமுனையில் தறி வைத்திருந்தார். என்னைத் தறியில் உட்கார்த்தினார், தறிச் சத்தத்துக்குத் தாளம் போட்டு நூலை அறுத்தேன், எழுப்பிவிட்டார். நாவிதன்வெளிப் பக்கம் வயல் காவலுக்குப் போனேன். காவலுக்கு வந்தவர்கள் பாடிய கவியெல்லாம் மனப்பாடமானது. நெல்லைப் பன்றி தின்றது. பிறகு வினாயகபுரத்துச் செல்வராசா மாஸ்டரைச் சந்தித்தேன். அவர் கிற்றார் வாசிப்பார். என் கிராமத்துக் கவிக்குக் கீழே தன் கிற்றாரைப் போட்டு, அதைப் பொப் பாட்டாக்கிவிட்டார். நாங்கள் போட்ட கசற்றில் ஒரு பாட்டு கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எல்லா பஸ்ஸிலும் ஓடியது. பஸ்ஸைப் பற்றிய பாட்டு என்பதால் பஸ்காரர்களுக்கு வேறு வழியில்லை.

ஒலுவில் பஸ்ஸுக்குள்ள
ஒத்த சீட்டு காலி மச்சி,
நீ குந்தி வந்தாக் காணும்
நான் நிண்டு வாறன் கல்முனைக்கு!

கடைசியில் வரும் 'கல்முனை'தான் பாட்டின் உச்சம். குரல் அங்கே தென்னைமரம் ஏறுவதுபோல ஏறிக் குலையைத் தொட வேண்டும். அந்தக் காலத்தில் நான் குலையை வெட்டிக்கொண்டே இறங்குவேன்.

மாஸ்டர் அதிகம் கதைக்காத மனுசன். மேடை ஏறுமுன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து நரம்புகளைச் சரிசெய்வார். பிறகு என் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"மீரான், இண்டைக்கு வீட்ட என்ன கறி?"

நான் சொல்லுவேன். அவருக்குப் போதாது. "வடிவாச் சொல்லு. என்ன மீன்? என்ன போட்டுக் காய்ச்சினது?" என்பார். வெள்ளிக்கிழமையில் அவர் மரக்கறி மட்டும்தான். அன்றைக்கும் விடமாட்டார். நான் சூரை மீனின் நடுத்துண்டிலிருந்து ஆணத்தில் மிதக்கும் கருவேப்பிலை வரைக்கும் விளக்க, கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டு கேட்பார். பாவம், விரதம் என்றாலும் நாக்கு விரதமில்லை என்று நினைத்து மறுகிழமை சாப்பாட்டுக் கரியரில் போட்டுக்கொண்டுபோய்க் கொடுப்பேன். அதையும் சாப்பிடுவார். சாப்பிட்டுவிட்டும் கேட்பார்.

கேட்டு முடிந்ததும் கவ்வியை எடுத்துக் கிற்றாரின் கழுத்தில் பொருத்துவார். கவ்வி என்பது நண்டுக் கால் மாதிரி ஒரு சாமான். கிற்றாரின் கழுத்தில் குறுக்கே கட்டைகள் இருக்கும். கவ்வியை உடம்புப் பக்கத்துக் கட்டைக்குத் தள்ளினால் சுருதி ஏறும், தலைப்பக்கம் இழுத்தால் இறங்கும். அது அவருடைய வேலை. நான் அந்த நேரம் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டிருப்பேன். அப்போது சீவத் தலைமுடி இருந்தது.

நாற்பது வயது தாண்டிய பிறகு ஒரு நாள், அக்கரைப்பற்றில் நானும் மாஸ்டரும் சாப்பிடப் போன ஒரு கடையில் எங்கள் பழைய கசற் ஓடியது. கேட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ ஒரு இளம் பெடியன் வானத்தில் நின்று பாடுகிறான். நான் பாடுவதுபோலவே இல்லை.

"மாஸ்டர், இது எந்தக் கட்டை?"

"அஞ்சு" என்றார், பருப்பைப் பிசைந்துகொண்டே.

"இப்ப நாம பாடுறது?"

"ரெண்டு."

"எப்ப இறக்கினீங்க?"

"ஒரேயடியா இறக்கல்ல. உன்ட குரல் இறங்க இறங்க நானும் இறங்கி வந்தன்."

நான் பெரிதாகச் சிரித்தேன். என் குரல் இந்த வயதிலும் அப்படியே நிற்கிறது என்று ஊரெல்லாம் பெருமை அடித்துத் திரிந்தவன் நான். ஏணியை யாரோ கீழே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். நான் இன்னும் உச்சிக்கு ஏறுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"எப்பிடித் தெரியும் உங்களுக்கு, இண்டைக்கு எந்தக் கட்டை எண்டு?"

"அதுக்குத்தானே கறி கேக்கிற" என்றார். "பாடிக் காட்டச் சொன்னா நீ பெரிய ஆளாட்டம் மூச்சைப் பிடிச்சு எட்டிக் காட்டிடுவாய். கறி சொல்லக்கொள்ள ஆரும் நடிக்க மாட்டாங்க. குரல் எங்க நிக்குதோ அங்கயே நிக்கும்."

நான் அதுவரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்த கரியர்களையெல்லாம் நினைத்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு இறங்குகாலம். சுனாமியில் கடல் வந்து போன பிறகு கரையோரத்தில் கனகாலம் யாருக்கும் பாட்டு நினைவில் இல்லை. எனக்கும் இல்லை. மறுபடி கலியாணங்கள் தொடங்கியபோது, இசை மார்க்கத்துக்கு ஆகாது என்று ஊரின் எண்ணம் மாறியிருந்தது. முதலில், ட்ரம் வேண்டாம் என்றார்கள். பிறகு, ஓர்கன் வேண்டாம் என்றார்கள். பிறகு, கிற்றார் வேண்டாம், நீங்கள் மட்டும் கவி படியுங்கள் என்றார்கள். கடைசியில் ஒரு கலியாண வீட்டில், மைக் வேண்டாம் என்றார்கள். அங்கே நான் வாழ்த்துக் கவி படித்ததை எனக்குப் பக்கத்தில் புரியாணி சாப்பிட்டவர் மட்டும் கேட்டார். அவரும் திரும்பி, "தயிர்ச் சட்டிய இஞ்சால தள்ளுங்க" என்றார்.

நான் ஓட்டோ ஒன்று எடுத்து வாடகைக்கு ஓட்டினேன். மாஸ்டர் வினாயகபுரத்தில் கஜு மரத்தடியில் குந்தினார். அவருடைய மனைவி அதற்கு முன்பே தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. கிற்றார் மட்டும் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் பொத்துவில் இர்ஷாத் என்னைத் தேடி வந்தான். அறுகம்பையில் ஒரு கடற்கரை ஹோட்டலுக்கு அவன் மனேஜர். அவனுடைய வாப்பாவின் வேனில் எங்கள் கசற் ஓடி ஓடி அவனுக்கு எல்லாப் பாட்டும் பாடம்.

"காக்கா, வெள்ளைக்காரங்களுக்கு இப்பிடிப் பாட்டு நல்லா விருப்பம். அவங்கட நாட்டுக் கிராமத்துப் பாட்டும் இதே மாதிரித்தான், கிற்றார் வச்சுப் பாடுறது. சனிக்கிழமை அந்தி நேரம் மட்டும் வந்து பாடுங்க" என்றான். சொல்லிவிட்டு ஒரு தொப்பியைக் கொடுத்தான். அகலமான விளிம்பு, நடுவில் பள்ளம். அந்த நாட்டில் மாடு மேய்க்கிறவர்கள் போடும் தொப்பியாம். எங்கள் பக்கம் மாடு மேய்க்கிறவன் தலையில் சாரத்தைத்தான் கட்டுவான். ஆனால் போட்டுப் பார்த்தேன். மொட்டை மறைந்தது. அந்த நிமிடமே சம்மதித்துவிட்டேன்.

அப்படித் தொடங்கியதுதான் என் பின்காலம். சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டோவை எடுத்து, வினாயகபுரத்தில் மாஸ்டரையும் கிற்றாரையும் ஏற்றிக்கொண்டு தெற்கே போவேன். ஹோட்டலின் குசினிக்குப் பின்னால், தேங்காய் மட்டை குவித்திருக்கும் இடத்தில் மாஸ்டர் கிற்றாரைச் சரிசெய்வார். கறி கேட்பார். சூரியன் இறங்குகிற நேரத்தில் நாங்கள் மணலில் போட்ட பலகையில் ஏறுவோம். வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி ஆடுவார்கள். நான் சூடை மீன் விலையைப் பற்றிப் பாடினாலும் ஏதோ காதல் தோல்வி என்று நினைத்துக் கண் கலங்குகிறவர்கள் இருந்தார்கள். நம்முடைய ஆட்களும் குடும்பமாகக் கடல் பார்க்க வந்தவர்கள் வேலியோரம் நின்று கேட்பார்கள்.

ஒரு மாற்றத்தை மட்டும் கவனித்தேன். மாஸ்டர் முன்பெல்லாம் கறி கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார் என்றேனே, இப்போது மூடுவதில்லை. என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு கேட்பார். வயதாக வயதாகப் பசி கூடிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சீசன் முடியப்போகும் நேரம் இர்ஷாத் சொன்னான், "காக்கா, வாற சனிக்கிழமை முதலாளி ஹாஜியார் வாறார். அடுத்த சீசனுக்கு ஆரை வைக்கிற எண்டு அவர்தான் பாத்து முடிவெடுப்பார். கொஞ்சம் எடுப்பா வாங்க."

எடுப்பாக என்றால் எனக்குத் தெரிந்தது உடுப்பு ஒன்றுதான். தொப்பி போடுகிற அந்த ஊர்ப் பாடகர்கள் கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டும் கட்டியிருப்பதை மகளின் போனில் பார்த்திருந்தேன். மருதமுனைச் சாரத்துச் சிவப்புத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்ச் சுலைகாவிடம் கொடுத்தேன்.

"கழுத்துக்கு என்னத்துக்குத் துணி? புண்ணா?"

"ஸ்டைல் சுலைகா. அந்த ஊர்ல பாட்டுக்காரன் எல்லாரும் கட்டுறான்."

முக்கோணமாக வெட்டி, ஓரம் தைத்து, அவளே கட்டியும் விட்டாள். பின்னுக்கு நகர்ந்து நின்று பார்த்தாள்.

"மாடு மேய்க்கிற தொப்பி தலையில. மாட்டுக் கயிறு கழுத்துல. இதுல நீங்க ஆரு, மேய்க்கிறவரா மாடா?"

"கண்ணூறு படுத்தாத" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்குக் குசினிக்குப் பின்னால் மாஸ்டர் வழமைபோலக் கேட்டார். நான் சொன்னேன்: சூரை மீன், மாங்காய் போட்ட ஆணம், கீரை. திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டபோது எனக்கு அலுப்பு. ஹாஜியாரின் வாகனம் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. "இனிக் கறியில்ல மாஸ்டர், சட்டிதான் இரிக்கி" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டேன். அவர் கவ்வியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு போட்டார்.

பலகையில் ஏறினோம். கிற்றாரின் முதல் அடியிலேயே எனக்கு விசயம் விளங்கிவிட்டது. நான் கீழ்வீட்டில் நிற்கிறேன், கிற்றார் மாடியில் நிற்கிறது. கவ்வியைப் பார்த்தேன். ஐந்தாம் கட்டை. என் இருபத்தைந்து வயதுக் கட்டை.

திரும்பி மாஸ்டரைப் பார்த்தேன். வழமையான முகம். கண்ணைக் காட்டினேன், புருவத்தைக் காட்டினேன், தொப்பி விளிம்பைக்கூட ஆட்டினேன். அவர் தலையை ஆட்டித் தொடங்கு என்றார். ஹாஜியார் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். தொடங்கினேன். 'ஒலுவில் பஸ்ஸுக்குள்ள' என்பதற்கே எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. 'நிண்டு வாறன்' என்று வரும்போது கால்விரலில் நிற்கிறேன். 'கல்' என்று ஏறினேன். 'முனை' வரவில்லை. சேவல் கழுத்தைத் திருகினால் வருமே, அது வந்தது.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மாஸ்டர் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு வேறொன்றும் தெரியாது. பகிடி ஒன்றுதான் தெரியும். மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "பஸ் பழுது! பஸ் பழுது! சாய்ந்தமருதோட நிண்டுட்டுது! எல்லாரும் இறங்கித் தள்ளுங்க!" ஓடிப்போய் மாஸ்டரின் கதிரையைப் பின்னால் நின்று தள்ளினேன். வேலியோரம் நின்ற நம்முடைய ஆட்கள் விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்து வெள்ளைக்காரர்களும் சிரித்தார்கள். இரண்டு பேர் எழும்பி வந்து கதிரையைத் தள்ளவும் செய்தார்கள். மாஸ்டர் என்ன நடக்கிறது என்று விளங்காமல், மரியாதைக்குச் சிரித்துக்கொண்டு, தள்ளப்பட்டுக்கொண்டு வாசித்தார்.

மிச்சப் பாட்டுகளையெல்லாம் கத்தியும் கதைத்தும் ஒருமாதிரி ஒப்பேற்றினேன். முடிந்து இறங்கியதும் இர்ஷாத் என்னைத் தென்னைமரத்துப் பக்கம் கூப்பிட்டான். மாஸ்டர் பலகையிலேயே இருந்தார்.

"காக்கா, குறை நினைக்காதீங்க. மாஸ்டருக்கு ஏலாமப் போயிட்டு. பிழை பிழையா வாசிக்கார். அடுத்த சீசன் நீங்க மட்டும் வாங்க. பதிஞ்ச டிராக் போட்டுப் பாடுவம். நீங்களே அவருக்கிட்டப் பக்குவமாச் சொல்லிருங்க."

"தொப்பிய மட்டும் அனுப்பினாக் காணாதா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் மாஸ்டர் பின்சீட்டில் கிற்றாரை அணைத்துக்கொண்டு இருந்தார். கண்ணாடியில் பார்ப்பேன், வாயைத் திறப்பேன், மூடுவேன். ஒரு நாளும் வாய் மூடாத எனக்கு அன்றைக்குத்தான் மூடத் தெரிந்தது.

அடுத்த கிழமை நடுவில், ஓட்டோ ஓட்டத்தை விட்டுவிட்டு வினாயகபுரத்துக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். வெறுங்கையோடு போக மனமில்லாமல் கரியரில் கறியும் கொண்டுபோனேன். வாசல் படலையில் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே போனேன். கஜு மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கிற்றாரை வாசித்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்து முகத்து நாடியைக் கிற்றாரின் உடம்பில் அழுத்தி வைத்திருந்தார். முன்பு அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

"மாஸ்டர்" என்றேன். வாசித்தார்.

"மாஸ்டர், உங்கட வீடு பத்துது" என்றேன். வாசித்தார்.

"மாஸ்டர், உங்களைக் கலியாணம் கேட்டு ஒரு வெள்ளைக்காரி வந்து படலைல நிக்கிறா" என்றேன், நல்ல சத்தமாக.

பக்கத்து வளவில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். மாஸ்டர் திரும்பவில்லை.

என் வாழ்க்கையில் சொன்ன பகிடிகளில் அது ஒன்றை மட்டும் திருப்பி எடுக்க முடியுமானால் எடுப்பேன்.  கரியரோடு சுற்றிக்கொண்டுபோய் முன்னால் நின்றேன். அவர் திடுக்கிட்டுக் கிற்றாரிலிருந்து நாடியை எடுத்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"கேக்காதெண்டு இல்ல மீரான். தண்ணிக்குள்ள முழுகி இருக்கக்கொள்ள கரையில ஆக்கள் கதைக்கிற மாதிரி இருக்கு. கிற்றார் பரவால்ல. நாடிய வச்சா எலும்புக்குள்ளால வரும். உன்ட குரல்தான் வரல்ல. வந்து ஒரு சீசனுக்கு மேல."

"அப்ப எப்பிடி வாசிச்சீங்க? சரியாத்தானே வாசிச்சீங்க!"

அவர் விரலை நீட்டி என் கழுத்தின் பக்கவாட்டில் தொட்டார். "இஞ்ச ஒரு நரம்பு இருக்கு. நீ லேசாக் கதைச்சாப் படுத்திருக்கும். குரல் கஷ்டப்பட்டா எழும்பி நிக்கும். நீ கறி சொல்லக்கொள்ளயே பாத்திடுவன், இண்டைக்கு எந்தக் கட்டை எண்டு. பாட்டுக்குள்ளயும் அதைத்தான் பாத்து வாசிக்கிற."

"அப்ப அண்டைக்கு?"

"அண்டைக்கு நீ சிவப்புத் துண்டு கட்டிட்டு வந்தாய்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறொன்றாகப் போய்விட்டது.

"கழட்டச் சொல்லியிருக்கலாமே மாஸ்டர்!"

"நீ மாப்பிள்ளை மாதிரி நிண்டாய். எனக்கு மனம் வரல்ல. பழைய நினைவுக்கு அஞ்சைப் போட்டன்."

"காது கேக்கல்ல எண்டாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ என்னைப் பாத்துப் பாத்துக் கவனமாப் பாடுவாய். உன்ட பாட்டைக் கவனமாப் பாடினா ஆரும் கேக்க மாட்டாங்க."

நான் வந்த விசயத்தை எப்படித் தொடங்குவது என்று கரியர் மூடியைத் திறந்து திறந்து பூட்டினேன். அவரே சொன்னார்: "அந்தத் தம்பி தென்னமரத்தடியில உன்னோட கதைச்சதப் பாத்தன். டிராக் எண்டு சொன்னான். வாய் தெரிஞ்சது. போய்ப் பாடு மீரான். டிராக்குக்குக் காது தேவையில்ல."

"அதுக்குக் கண்ணும் இல்ல மாஸ்டர்" என்றேன்.

அவர் கரியரைத் திறந்து சாப்பிட்டார். "உப்புக் கூட" என்றார்.

சனிக்கிழமை இர்ஷாத்திடம் சொல்ல ஒரு பேச்சைத் தயார்பண்ணினேன். வந்தால் இரண்டு பேரும், இல்லாவிட்டால் ஒருவரும் இல்லை. ஓட்டோ ஓட்டிக்கொண்டே பல தடவை சொல்லிப் பழகினேன்; ஏறிய ஆட்கள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள். மாஸ்டரையும் ஏற்றிக்கொண்டு ஹோட்டலில் போய் இறங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாயைத் திறந்தால், இர்ஷாத் முந்திக்கொண்டான்.

"காக்கா, ஹாஜியாருக்கு அந்தப் பஸ் பழுதாகிற விசயம் சரியாப் பிடிச்சிட்டு. மாஸ்டரைக் கதிரையோட தள்ளுறதை ஒவ்வொரு கிழமையும் செய்யட்டாம். டிராக் வேணாமாம். டிராக்கைக் கதிரையில வச்சுத் தள்ளேலாதே."

என் பேச்சு வீணாகிவிட்டது. இன்றுவரைக்கும் யாருக்கும் அதைப் பேசிக் காட்டச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

மாஸ்டருக்கு விசயத்தைச் சொன்னபோது முகம் கறுத்தது. "வேணுமெண்டு பிழையா வாசிக்க எனக்குத் தெரியாது" என்றார். நெடுநேரம் கதைத்து ஒரு வழி கண்டோம். முதலில் ஐந்தாம் கட்டையில் பாடுவேன், பஸ் பழுதாகும், தள்ளுவோம். பிறகு எல்லோரும் பார்க்க மாஸ்டர் கவ்வியைக் கழற்றி, என் கழுத்தைப் பார்த்து, எனக்குச் சரியான கட்டைக்கு இறக்குவார். மறுபடி பாடுவேன். பஸ் கல்முனைக்குப் போய்ச் சேரும். போய்ச் சேருகிறபோது சனம் கைதட்டும். அந்தக் கைதட்டு எங்கள் கசற் காலத்தில்கூடக் கிடைத்ததில்லை. அப்போது பஸ் ஒரு நாளும் பழுதாகவில்லையே.

சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்துவிட்டுப் பாடினேன். "வயசான காலத்துல நெஞ்சைக் காட்டிக்கிட்டுப் போறார்" என்றாள் சுலைகா. காரணத்தைச் சொன்னேன். அவள் சிவப்புத் துண்டை எடுத்து அடுப்பில் சட்டி இறக்க வைத்துக்கொண்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். பாடும்போது சனம் வாயைப் பார்க்கும், தொப்பியைப் பார்க்கும். ஒருவர் மட்டும் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகு என்னால் வித்தை காட்டிப் பாட முடியவில்லை. ஏலாத இடத்தில் ஏலாது என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான் நன்றாகப் பாடிய காலம் எது என்று கேட்டால், குரல் போன பிறகுதான் என்று சொல்லுவேன். மகள் இந்த இடத்தில் நிறுத்தி, "இது பகிடியா வாப்பா?" என்று கேட்கிறாள். இல்லை, எழுது என்றேன்.

இப்படிச் சில சீசன்கள் ஓடின. போன வருடம் ஒரு சனிக்கிழமை, அதே மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் மாஸ்டர் கறி கேட்டார். சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன். "நாடியத் தூக்கு" என்றார். தூக்கினேன். "வெளிச்சத்துப் பக்கம் திரும்பு." திரும்பினேன். மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்ட வந்து பார்த்தார். பிறகு பின்னால் சாய்ந்து மட்டையில் குந்தினார்.

"மீரான், உன்ட கழுத்துத் தோல் தொங்கிட்டுது. நரம்பு தெரியல்ல."

நான் கையை வைத்துப் பார்த்தேன். உண்மைதான். வான்கோழிக்குத் தொங்குவதுபோலத் தொங்குகிறது. கண்ணாடியில் நாள்தோறும் பார்க்கிறேன், தொப்பி போட்ட தலையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய்த் தோலைக் கொத்தாகப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தேன். "இப்ப?"

பார்த்தார். "இப்பத் தெரியுது."

"அப்ப இப்பிடியே பிடிச்சுக்கிட்டுப் பாடுறன்."

"இண்டைக்கு மட்டும் பிடி" என்றார். "இண்டையோட காணும்."

காணும் என்றால் போதும் என்று அர்த்தம். மாஸ்டர் ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்லுகிறவர் இல்லை. நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. பலகையில் ஏறினேன். ஒரு கையில் மைக், மற்றக் கை பின்கழுத்தில். மாஸ்டர் பக்கத்தில் இருந்து அந்த நரம்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்தார். பஸ் பழுதானது. மாஸ்டரைத் தள்ள எனக்குக் கை இல்லாதபடியால் வெள்ளைக்காரர்களே வந்து தள்ளினார்கள். மறுபடி பாடத் தொடங்கியபோது முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரி என்னைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு கையைப் பின்கழுத்தில் வைத்து ஆடினாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவன் வைத்தான். நான் 'கல்முனை'க்கு ஏறும்போது கடற்கரையில் நின்ற அத்தனை பேரும், வேலியோரம் நின்ற நம்முடைய குடும்பங்களும், பின்கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஆடினார்கள். நான் போய்ச் சேர்ந்தேன். மாஸ்டரும் என்னோடு வந்து சேர்ந்தார், ஒரு முடியளவும் பிசகாமல்.

இறங்கி வந்ததும் இர்ஷாத் ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"காக்கா, அந்தக் கழுத்துல கை வைக்கிற ஸ்டைல் அபாரம்! அடுத்த கிழமையும் அதையே செய்யுங்க. வீடியோ எடுப்பம்."

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிற்றாரைத் துடைத்து உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இர்ஷாத் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.

"இல்ல தம்பி" என்றேன். "கை உளையுது."